கணினியியல் சாராத மாணவர்களுக்கு நிரலாக்கம் கற்பித்தல்

கணினியியல் சாராத மாணவர்களுக்கு நிரலாக்கம் கற்பித்தல் என்பது இயற்பியல், வானியல், குடிசார் பொறியியல், வணிகவியல், மொழியியல் முதலிய பிற துறைகளை முதன்மைப் பாடமாகக் கொண்ட மாணவர்களுக்குக் கணினி நிரல் எழுதவும் படிக்கவும் பயிற்சி அளிக்கும் கல்வி முயற்சி ஆகும். இம்மாணவர்களுள் பெரும்பாலானோர் மென்பொருள் உருவாக்குநர்களாக ஆகப்போவதில்லை. தம் துறையின் கணக்குகளையும் தரவுகளையும் கையாள்வதற்கே அவர்களுக்கு நிரலாக்கம் தேவைப்படுகிறது. ஆகையால் இதன் பாடத்திட்டம், எடுத்துக்காட்டுகள், மதிப்பிடும் முறை ஆகியவை கணினியியல் மாணவர்களுக்கு உரியவற்றிலிருந்து வேறுபடுகின்றன.

தமிழ்நாட்டில் பொறியியல் பயிலும் மாணவர்கள் எத்துறையினராயினும் முதலாண்டிலேயே ஒரு நிரலாக்கப் பாடத்தைக் கற்கின்றனர். கலை, அறிவியல் மாணவர்களிடையேயும் இது பரவி வருகிறது. ஜவ்வாது மலையில் அமைந்துள்ள காவலூர் வானாய்வகத்தில் பெறப்படும் தரவுகள், பிற துறை மாணவருக்கு நிரலாக்கம் ஏன் இன்றியமையாதது என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும்.

நோக்கங்கள்

பிற துறை மாணவர்களுக்கு நிரலாக்கம் கற்பிப்பதற்குப் பொதுவாக மூன்று காரணங்கள் கூறப்படுகின்றன.

1. கருவிப் பயன்: பெருமளவு தரவுகளைக் கையால் கணக்கிட இயலாது. ஒரே செயலைப் பல்லாயிரம் முறை பிழையின்றிச் செய்ய நிரல் உதவுகிறது.
2. சிந்தனைப் பயிற்சி: ஒரு சிக்கலைச் சிறு படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படியையும் ஐயத்திற்கு இடமின்றிக் கூறப் பழகுதல். இது கணிமச் சிந்தனை எனப்படுகிறது. சானட் விங் 2006 ஆம் ஆண்டு எழுதிய கட்டுரைக்குப் பின்னர் இச்சொல் பரவலாக வழங்கலாயிற்று.
3. சரிபார்க்கும் திறன்: பிறர் எழுதிய மென்பொருள் தரும் விடையை அப்படியே ஏற்காமல், அது எவ்வாறு பெறப்பட்டது என்று ஆராய்தல்.

வரலாறு

உலகில்

பல்கலைக்கழக மாணவர் அனைவரும் நிரலாக்கம் கற்க வேண்டும் என்ற கருத்தை அமெரிக்கக் கணினியியலாளர் ஆலன் பெர்லிசு 1961 ஆம் ஆண்டிலேயே முன்வைத்தார். அக்காலத்தில் கணினியியல் ஒரு தனித்துறையாகக் கூடப் பல இடங்களில் உருவாகியிருக்கவில்லை.

இக்கருத்தைச் செயல்படுத்திய முன்னோடி முயற்சி டார்ட்மவுத் கல்லூரியில் நிகழ்ந்தது. அங்குக் கணிதப் பேராசிரியர்களாக இருந்த சான் கெமனி, தாமசு கர்ட்சு ஆகியோர் பேசிக் என்னும் நிரல்மொழியை உருவாக்கினர். அதன் முதல் நிரல் 1964 மே 1 அன்று இயக்கப்பட்டது. அறிவியல் சாராத மாணவரும் எளிதில் கற்க வேண்டும் என்பதே அம்மொழியின் நோக்கமாக இருந்தது. 1967 இல் சேமோர் பேப்பர்ட்டும் அவருடைய கூட்டாளிகளும் சிறுவர்களுக்காக லோகோ மொழியை உருவாக்கினர்.

அமெரிக்காவின் சியார்சியா தொழில்நுட்பக் கழகம் 1999 முதல் தன் மாணவர் அனைவருக்கும் ஒரு கணிமைப் பாடத்தைக் கட்டாயமாக்கியது. தொடக்கத்தில் எல்லாத் துறையினருக்கும் ஒரே பாடம் நடத்தப்பட்டது. கலை, கட்டடக்கலை, மேலாண்மை மாணவர்களுள் பாதிக்கும் குறைவானோரே அதில் தேர்ச்சி பெற்றனர். இதனால் மார்க் கசுடியால் 2003 இல் ஊடகக் கணிமை என்ற மாற்றுப் பாடத்தை வடிவமைத்தார். எண்களை வரிசைப்படுத்துவதற்குப் பதிலாக, படத்தின் நிறத்தை மாற்றுதல், ஒலியைப் பின்னோக்கி ஒலிக்கச் செய்தல் போன்ற பயிற்சிகள் வழியாக மடக்கு, நிபந்தனை முதலிய கருத்துகள் அதில் கற்பிக்கப்பட்டன. அதன் பின்னர்த் தேர்ச்சி விழுக்காடு வெகுவாக உயர்ந்தது. கருத்துகளைக் குறைக்காமல், அவற்றைக் கற்பிக்கும் சூழலை மாற்றியமையே இம்முயற்சியின் சிறப்பாகும்.

ஆய்வு மாணவர்களுக்கான முயற்சிகளுள் 1998 இல் கிரெக் வில்சன், பிரென்ட் கோர்டா ஆகியோர் தொடங்கிய சாஃப்ட்வேர் கார்பென்ட்ரி என்னும் பயிற்சித் திட்டம் குறிப்பிடத்தக்கது. அறிவியலாளர்களுக்கு அடிப்படை நிரலாக்கத் திறன்களைச் சுருக்கமான பயிலரங்குகள் வழியாகக் கற்பிப்பது இதன் முறையாகும்.

இந்தியாவில்

கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1963 இல் ஐபிஎம் 1620 கணினி நிறுவப்பட்டது. அங்குப் பணியாற்றியவரும் ஈரோட்டில் பிறந்தவருமான பேராசிரியர் வை. இராசாராமன் இந்தியக் கணினிக் கல்வியின் முன்னோடிகளுள் ஒருவர். அவர் 1969 இல் எழுதிய நிரலாக்கப் பாடநூலும், அதனைத் தொடர்ந்து வந்த போர்ட்ரான் முதலிய மொழிகளுக்கான நூல்களும் பொறியியலின் பல துறை மாணவர்களுக்குப் பயன்பட்டன. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1973 இல் ஐபிஎம் 370/155 கணினி நிறுவப்பட்டது. அக்காலத்தில் நிரல்கள் துளை அட்டைகளில் பதிக்கப்பட்டுக் கணினி நடுவத்தில் ஒப்படைக்கப்பட்டன. ஒரு சிறு பிழையைத் திருத்தவும் அடுத்த முறை வரும்வரை காத்திருக்க நேர்ந்ததால், மாணவர்கள் நிரலைத் தாளிலேயே பலமுறை சரிபார்த்தனர்.

2020 ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, நடுநிலை வகுப்புகளிலிருந்தே மாணவர்களுக்கு நிரலாக்கத்தை அறிமுகப்படுத்தப் பரிந்துரைக்கிறது.

தமிழ்நாட்டில்

பள்ளிக் கல்வி

தமிழ்நாட்டின் மேல்நிலை வகுப்புகளில் கணினி அறிவியல், கணினிப் பயன்பாடுகள் எனத் தனித்தனிப் பாடங்கள் உள்ளன. 2018-19 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்த பாடத்திட்டத்தில், கணினி அறிவியல் பயில்வோர் 11 ஆம் வகுப்பில் சி++ மொழியையும் 12 ஆம் வகுப்பில் பைத்தானையும் கற்கும் வகையில் பாடங்கள் அமைந்தன. பெரும்பாலும் வணிகவியல் பிரிவினர் பயிலும் கணினிப் பயன்பாடுகள் பாடத்தில் இணையப் பக்க வடிவமைப்பு, சாவாசிகிரிப்டு, பிஎச்பி ஆகியவை இடம்பெற்றன. இவ்வாறு கணக்குப்பதிவியல் படிக்கும் மாணவரும் பள்ளியிலேயே நிரலாக்கத்தைச் சந்திக்கிறார்.

பொறியியல் கல்வி

அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளுக்கான பாடத்திட்டத்தில் ஏற்பட்ட மாற்றங்கள் இத்துறையின் போக்கைத் தெளிவாகக் காட்டுகின்றன. 2013 ஆம் ஆண்டின் ஒழுங்குமுறையில் எல்லா முதலாண்டு மாணவர்களுக்கும் சி மொழி பாடமாக இருந்தது. 2017 ஆம் ஆண்டின் ஒழுங்குமுறையில் அதன் இடத்தில் சிக்கல் தீர்த்தலும் பைத்தான் நிரலாக்கமும் என்ற பாடம் வந்தது. இதன் முதல் அலகு மொழியைக் கற்பிக்காமல், படிமுறைத் தீர்வுகளைப் பற்றியே பேசியது. வரிசைப்படுத்திய சீட்டுகளுக்கு இடையே ஒரு சீட்டைச் செருகுதல், பட்டியலில் மிகச் சிறிய எண்ணைக் காணுதல், அனோய் கோபுரப் புதிர் ஆகியவை அதன் எடுத்துக்காட்டுகள்.

2021 ஆம் ஆண்டின் ஒழுங்குமுறையில் ஆய்வகப் பயிற்சிகள் துறைசார்ந்தவையாக மாற்றப்பட்டன. மின் கட்டணப் பட்டியல், கடை விற்பனைப் பட்டியல், எஃகுக் கம்பியின் எடை, மும்முனை மின்சுற்றில் பாயும் மின்னோட்டம் ஆகியவற்றைக் கணக்கிடுதல் பயிற்சிகளாக அமைந்தன. எஃகுக் கம்பியின் எடையைக் காணும் வாய்பாட்டைக் குடிசார் பொறியியல் மாணவர் வேறு பாடங்களிலும் பயன்படுத்துகிறார். எனவே நிரல் தரும் விடை சரியா தவறா என்பதை அவரே கூறிவிட முடியும்.

பிற முயற்சிகள்

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் 2020 இல் தொடங்கிய இணையவழித் தரவு அறிவியல் பட்டப்படிப்பை, வேறு கல்லூரியில் வேறு பட்டம் பயில்வோரும் உடன் பயிலலாம். இதன் தகுதிகாண் நிலையில் கணிமச் சிந்தனை என்ற பாடம் நிரல்மொழி எதுவுமின்றிக் கற்பிக்கப்படுகிறது. மதிப்பெண் அட்டைகள், கடை விலைப்பட்டியல்கள், சொற்கள் எழுதிய அட்டைகள் ஆகியவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, எண்ணிக்கை, கூட்டுத்தொகை, பெருமம் ஆகியவற்றைக் காணும் முறையை மாணவர்கள் கற்கின்றனர். பைத்தான் அதற்குப் பின்னரே வருகிறது. தமிழ்நாடு அரசு 2022 இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் கீழும் பல துறைக் கல்லூரி மாணவர்களுக்குக் கணினிசார் திறன் பயிற்சிகள் அளிக்கப்படுகின்றன.

ஜவ்வாது மலை: காவலூர் எடுத்துக்காட்டு

ஜவ்வாது மலை (சவ்வாது மலை) கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகும். இது திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரவியுள்ளது. இம்மலையில் உள்ள காவலூரில் இந்திய வான் இயற்பியல் கழகத்தின் வைணு பாப்பு வானாய்வகம் அமைந்துள்ளது. இங்கு 1972 இல் 1 மீட்டர் தொலைநோக்கியும், 1986 இல் 2.34 மீட்டர் தொலைநோக்கியும் நிறுவப்பட்டன. வானாய்வுக்கு வரும் மாணவர்கள் பெரும்பாலும் இயற்பியல் பயின்றவர்கள். ஆயினும் தொலைநோக்கி தரும் தரவு இக்காலத்தில் முற்றிலும் எண்வடிவில் இருப்பதால், நிரலாக்கம் அறியாமல் அவர்களால் ஆய்வைத் தொடர இயலாது.

முன்னர் இந்நிலை வேறாக இருந்தது. 1988 இல் இரா. இராசமோகன் இவ்வானாய்வகத்தின் 45 செ.மீ. சிமித் தொலைநோக்கியால் 4130 இராமானுசன் என்ற சிறுகோளைக் கண்டறிந்தபோது வானின் படங்கள் ஒளிப்படத் தகடுகளில் எடுக்கப்பட்டன. பின்னர் சிசிடி எனப்படும் மின்னணு உணரிகள் தகடுகளின் இடத்தைப் பிடித்தன. சிசிடி தரும் படம் உண்மையில் எண்களாலான ஓர் அட்டவணை. 1024 நிரைகளும் 1024 நிரல்களும் கொண்ட படத்தில் 10,48,576 எண்கள் இருக்கும். ஒளி மாறும் விண்மீன் ஒன்றை ஓரிரவில் 200 படங்கள் எடுத்தால், மறுநாள் காலையில் மாணவர் கையில் ஏறத்தாழ 21 கோடி எண்கள் இருக்கும்.

இவற்றை அப்படியே பயன்படுத்த முடியாது. முதலில், ஒளி விழாதபோதும் உணரி காட்டும் அடிப்படை அளவைக் கழிக்க வேண்டும். அடுத்து, படப்புள்ளிக்குப் படப்புள்ளி உணர்திறன் வேறுபடுவதால், சீரான ஒளியில் எடுத்த படத்தைக் கொண்டு வகுக்க வேண்டும். ஒரு படப்புள்ளியின் அளவு 1300, அடிப்படை அளவு 300, ஒப்பு உணர்திறன் 0.8 எனக் கொள்வோம். திருத்தப்பட்ட அளவு பின்வருமாறு:

(1300 − 300) ÷ 0.8 = 1250

இந்த ஒரு கணக்கிலேயே நிரலாக்கத்தின் அடிப்படைக் கருத்துகள் பல அடங்கியுள்ளன. எண்களின் அட்டவணை ஓர் அணி. 200 படங்களுக்கும் அதே செயலைச் செய்வது மடக்கு. பழுதான படப்புள்ளியில் உணர்திறன் சுழியாக இருந்தால் வகுக்க முடியாது. எனவே அதற்கு ஒரு நிபந்தனை வேண்டும். இத்திருத்தத்தை வேறொரு நாள் தரவுக்கும் பயன்படுத்த விரும்பினால் அது ஒரு செயற்கூறு ஆகிறது. மாணவர் இக்கருத்துகளைத் தேவை எழும்போது கற்கிறார்.

ஒரு முதன்மையான இடரையும் இவ்வெடுத்துக்காட்டு காட்டுகிறது. மாணவர் முதலில் வகுத்துப் பின்னர்க் கழித்தால் 1300 ÷ 0.8 − 300 = 1325 என்ற விடை கிடைக்கும். கணினி எந்தப் பிழைச் செய்தியையும் காட்டாது. விடையும் நம்பத்தக்கதாகவே தோன்றும். இத்தவற்றைக் கண்டுபிடிக்க நிரல்மொழியின் இலக்கணம் உதவாது. உணரி எவ்வாறு இயங்குகிறது என்ற இயற்பியல் அறிவே உதவும். துறையறிவும் நிரலறிவும் ஒருவரிடமே இருக்க வேண்டியதன் தேவை இதுவே ஆகும்.

கற்போர் எதிர்கொள்ளும் இடர்கள்

அறிமுக நிரலாக்கப் பாடம் உலகெங்கும் கடினமானதாகவே கருதப்படுகிறது. பென்னட்சன், காசுபர்சன் ஆகியோர் பல நாட்டுக் கல்வி நிறுவனங்களிடம் தகவல் பெற்று 2007 இல் வெளியிட்ட ஆய்வில், சுமார் மூன்றில் ஒரு பங்கு மாணவர்கள் இப்பாடத்தில் தேர்ச்சி பெறுவதில்லை எனத் தெரியவந்தது.

சமக்குறி: அ = அ + 1 என்பது கணிதத்தில் பொருளற்றது. எந்த எண்ணும் தன்னைவிட ஒன்று கூடுதலாக இருக்க முடியாது. நிரலிலோ, அ என்ற மாறியின் இப்போதைய மதிப்புடன் 1 கூட்டி, அதனை மீண்டும் அ இல் இடு என்பது இதன் பொருள். கணிதம் நன்கு கற்ற மாணவரே இங்குக் கூடுதலாகக் குழம்புவதுண்டு. தொடக்கத்தில் அ ← அ + 1 என அம்புக்குறியிட்டு எழுதுவது இக்குழப்பத்தைக் குறைக்கும்.

மதிப்புகளை இடம் மாற்றுதல்: அ, ஆ ஆகிய மாறிகளின் மதிப்புகளை மாற்ற, அ = ஆ, ஆ = அ என அடுத்தடுத்து எழுதினால் இரண்டிலும் ஒரே மதிப்பே எஞ்சும். ஒரு குவளையில் பாலும் மற்றொன்றில் மோரும் இருந்தால், அவற்றை மாற்ற மூன்றாவது குவளை வேண்டும் என்று ஆசிரியர்கள் விளக்குவர். இவ்வுவமை பயனுடையதே எனினும் முழுமையானதன்று. குவளையிலிருந்து ஊற்றினால் அது காலியாகிவிடும். மாறியின் மதிப்பை வேறு மாறியில் இட்டால் பழைய மாறி காலியாவதில்லை. சிலேட்டில் உள்ளதைப் பார்த்து வேறு சிலேட்டில் எழுதுவது இதற்குப் பொருத்தமான உவமையாகும்.

கணினிக்கு மனம் உண்டு என்ற எண்ணம்: தாம் கருதியதைக் கணினி புரிந்துகொள்ளும் எனப் புதிய மாணவர்கள் தம்மை அறியாமலே நம்புகின்றனர். மாறிக்குச் சராசரி எனப் பெயரிட்டால் கணினி சராசரியைக் கண்டுவிடும் என்று எண்ணுவது இதற்கு எடுத்துக்காட்டு. ராய் பீ 1986 இல் இத்தகைய பிழைகள் எல்லாவற்றுக்கும் இதுவே மூலம் என விளக்கினார்.

வாய்ப்பின்மை: வீட்டில் கணினி இல்லாத மாணவர் ஆய்வக நேரத்திலேயே தட்டச்சு, கோப்புகளைக் கையாளுதல், நிரல்மொழி ஆகிய மூன்றையும் ஒருங்கே கற்க வேண்டியுள்ளது. மலைப்பகுதிகளிலிருந்தும் சிற்றூர்களிலிருந்தும் வரும் முதல் தலைமுறைக் கல்லூரி மாணவர்களை இது கூடுதலாகப் பாதிக்கிறது. அவர்கள் பின்தங்குவது அறிவுக் குறைவாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் இடர் உண்டு.

கற்பித்தல் முறைகள்

- கணினியின்றித் தொடங்குதல்: சீட்டுகள், பட்டியல்கள், பாய்வுப் படங்கள் வழியாகப் படிமுறையை முதலில் உணர்த்துதல். கணினி எண்ணிக்கை குறைந்த பள்ளிகளுக்கும் இது பொருந்தும்.
- எழுதுமுன் படித்தல்: ஆயத்த நிரலைக் கொடுத்து, ஒவ்வொரு வரிக்குப் பின்னும் மாறிகளின் மதிப்பை அட்டவணையில் எழுதச் செய்தல்.
- கலைந்த வரிகளை ஒழுங்குபடுத்துதல்: சரியான நிரலின் வரிகளைக் கலைத்துக் கொடுத்து வரிசைப்படுத்தச் சொல்லுதல். தேல் பார்சன்சு, பத்ரீசியா ஏடன் ஆகியோர் 2006 இல் அறிமுகப்படுத்திய இம்முறை பார்சன்சு புதிர்கள் எனப்படுகிறது. தட்டச்சுப் பிழைகளில் நேரம் வீணாகாமை இதன் நன்மை.
- முன்கூட்டியே விடை கணித்தல்: நிரலை இயக்குமுன் சிறு தரவுக்கு விடையைக் கையால் காணுதல். காவலூர் எடுத்துக்காட்டில் ஒரு படப்புள்ளியின் விடையான 1250 ஐ முன்னரே அறிந்த மாணவர், 1325 என்ற தவறான விடையை உடனே அடையாளம் காண்பார்.
- துறைசார் எடுத்துக்காட்டுகள்: மாணவர் தம் துறையில் ஏற்கெனவே அறிந்த ஒரு கணக்கை நிரலாக்கச் செய்தல்.

மொழியும் நிரலாக்கமும்

பெரும்பாலான நிரல்மொழிகளின் குறிச்சொற்கள் ஆங்கிலத்தில் உள்ளன. தமிழ்வழிக் கல்வி பயின்றோருக்கு இச்சில பத்துச் சொற்களைவிட, பாடநூலும் பிழைச் செய்திகளும் ஆங்கிலத்தில் இருப்பதே பெருந்தடையாகும். அண்ணா பல்கலைக்கழகம் 2010 இல் குடிசார், இயந்திரப் பொறியியல் படிப்புகளைத் தமிழ்வழியில் அறிமுகப்படுத்தியதால், தமிழில் நிரலாக்கம் கற்பிக்கும் தேவை கல்லூரி அளவிலும் எழுந்தது.

முத்தையா அண்ணாமலை உருவாக்கிய எழில் நிரல்மொழி இத்தடையை நீக்க முயன்றது. இதனைப் பற்றிய ஆய்வுரை 2009 இல் வெளியானது. பதிப்பி, ஆனால், முடி, பின்கொடு போன்ற தமிழ்ச் சொற்களே இதன் குறிச்சொற்கள். நிபந்தனையை முதலில் எழுதி, ஆனால் என்ற சொல்லை அதன் பின்னர் எழுதும் முறை தமிழின் சொல்வரிசைக்கு இயைந்ததாகும்.

தமிழ் இலக்கிய மாணவர்களுக்கு ஏற்ற சிக்கல்களும் பல உள்ளன. தமிழ் என்ற சொல்லின் நீளத்தைப் பைத்தானில் கேட்டால் 5 என்ற விடை வரும். தமிழ் இலக்கணப்படி அதில் 3 எழுத்துகளே உள்ளன. ஒருங்குறியில் இகரக் குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகளாக எண்ணப்படுவதே இதற்குக் காரணம். குறியீடுகளை எழுத்துகளாக ஒன்றுசேர்க்கும் நிரலை எழுதும் மாணவர், ஒருங்குறியோடு உயிர்மெய் அமைப்பையும் ஆழ்ந்து அறிகிறார். அதேபோல், குறில், நெடில், ஒற்று ஆகியவற்றைக் கொண்டு நேரசை, நிரையசை பிரிக்கும் யாப்பு விதிகள் நிபந்தனைகளாக எழுதத்தக்கவை. தனிக்குறிலும் தனிநெடிலும், ஒற்றடுத்தும் அடுக்காமலும், நேரசை. குறிலிணையும் குறில்நெடிலும் அவ்வாறே வரின் நிரையசை. இதனை நிரலாக்க முற்படும் இலக்கிய மாணவர் கணினியியல் மாணவரைவிட ஒருபடி முன்னே இருக்கிறார் எனலாம்.

கருத்து வேறுபாடுகள்

எல்லா மாணவரும் நிரலாக்கம் கற்க வேண்டியதில்லை என்ற கருத்தும் உண்டு. விரிதாள்களும் ஆயத்த மென்பொருள்களும் போதும் என்பது ஒரு வாதம். ஆயினும் விரிதாளின் சூத்திரங்கள் சிறுகட்டங்களுக்குள் மறைந்திருப்பதால், பிழைகள் எளிதில் கண்ணில் படுவதில்லை. பொருளியலாளர்கள் ரைன்கார்ட், ரோகாஃப் ஆகியோர் அரசுக் கடன் பற்றி 2010 இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையின் எக்செல் விரிதாளில், சராசரி காணும் சூத்திரம் ஐந்து நாடுகளை விட்டுவிட்டிருந்தது. மாசசூசெட்சு பல்கலைக்கழகப் பொருளியல் மாணவர் தாமசு எர்ன்டன் அக்கணக்கைத் தாமே மீண்டும் செய்து பார்த்தபோது இது தெரியவந்தது. தம் ஆசிரியர்களுடன் இணைந்து அவர் 2013 இல் இதனை வெளியிட்டார். அக்கட்டுரை பல நாடுகளின் சிக்கனக் கொள்கை விவாதங்களில் மேற்கோள் காட்டப்பட்டது ஆகும்.

2022 இன் இறுதியில் சாட்சிபிடி வெளிவந்த பின்னர், நிரலைக் கணினியே எழுதித் தரும்போது மாணவர் ஏன் கற்க வேண்டும் என்ற கேள்வி வலுப்பெற்றது. இத்தகைய கருவிகள் தட்டச்சுச் சுமையையும் இலக்கணப் பிழைகளையும் பெரிதும் குறைக்கின்றன. ஆனால் அவை தரும் நிரல் தடையின்றி இயங்குவதும், அதன் விடை சரியாக இருப்பதும் வெவ்வேறு. முதலில் வகுத்துப் பின்னர்க் கழிக்கும் நிரலை எழுதியது மாணவராயினும் கருவியாயினும் விடை 1325 ஆகவே இருக்கும். அதனைக் கண்டறியும் பொறுப்பு உணரியின் தன்மையை அறிந்த இயற்பியல் மாணவரிடமே உள்ளது. எனவே பிற துறை மாணவர்களுக்கான பாடங்களில் நிரலை எழுதுவதோடு, நிரலைப் படித்தலும் விடையைச் சோதித்தலும் முன்னிலும் இன்றியமையாதனவாகின்றன.